எதற்கெடுத்தாலும் போமட்!

வன்னியில் கணினி திருத்தும் கடைகளில் ஒரு சொல் சகல நோய்க்கும் மருந்தாக வழங்கி வருகிறது. கணினி இடைநடுவே உறைந்து நிற்கிறதா, போமட். நீலத்திரை தோன்றுகிறதா, போமட். தானாக அணைந்து தானாக எழும்புகிறதா, அதற்கும் போமட்தான். வன்தட்டில் இருந்தவை யாவும் துடைத்தழிக்கப்பட்டு, விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டு, கணினி வீடு வந்து சேரும். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும். பின்னர், பழைய குருடி கதவைத் திறடி.

இது கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மட்டும் உரிய பழக்கமன்று. கொழும்பிலும் சென்னையிலும் உண்டு. ஆனால், வன்னியில் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம். 2009இல் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம் என அனைத்தையும் இழந்தவர்கள் வாழும் மண் இது. பின்னாளில் அலைந்து திரிந்து பெற்ற பத்திரங்களின் பிரதிகளும், வெளிநாட்டு உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பிய பழைய படங்களும் பல வீடுகளில் அந்த ஒரு வன்தட்டில்தான் கிடக்கின்றன. கேட்காமல் துடைப்பவருக்கு, தாம் எதைத் துடைக்கிறோம் என்பது தெரியாது.

இத்தனைக்கும், கோளாறு கண்டுபிடிப்பதில் நம்மவர்கள் இளைத்தவர்கள் அல்லர். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண். இரைச்சலைக் கேட்டே பழுது எங்கே என்று சொன்ன மெக்கானிக்குகள் அன்று இருந்தார்கள். அவர்களில் எவரும், வண்டி நிற்கிறது என்பதற்காக எஞ்சினை முழுவதும் கழற்றி வீசவில்லை.

கணினி திடீர் திடீரென விழுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உண்டு. ஒன்று டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். மற்றது வன்பொருட் பழுது. விண்டோஸ் எக்ஸ்பியில் அறிவிக்கப்பட்ட செயலிழப்புகளில் 85 வீதம் டிரைவர்களால் நேர்ந்தவை என 2003இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை குறிப்பிட்டது. டிரைவர் இயங்குதளத்தின் கருவறைக்குள் நின்று வேலை செய்வது. அது தடுக்கி விழுந்தால் முழுக் கணினியும் விழும். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றதும், விமானங்கள் தரித்ததும், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் அத்தகைய டிரைவர் ஒன்று பிழையான கோப்பொன்றைப் படித்ததால்தான். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழிப்பது. போமட் அல்ல.

ஆக, முதலில் சேஃப் மோட். அங்கே வெளியார் டிரைவர்களில் பெரும்பாலானவை ஏறுவதில்லை. அங்கு மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடும் கணினி வழமையான நிலையில் விழுமானால் டிரைவரையே சந்தேகிக்க வேண்டும். நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பின் பெயர் வந்தாலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழை வருமானால் நினைவகத்தை, அதாவது ரேமைப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நீலத்திரையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் பவர் சப்ளையும் வெப்பமும்தான் முதற் குற்றவாளிகள். வன்னியின் வெயிலையும், விசிறியில் அப்பிக்கொள்ளும் செம்புழுதியையும், ஏறியிறங்கும் மின்னழுத்தத்தையும், பெயருக்கு மட்டுமே இருக்கும் எர்த் கம்பியையும் எண்ணிப் பார்த்தால், இவை விழுவதைவிட ஓடுவதே ஆச்சரியம். இவற்றுள் எதையும் போமட் தொடுவதில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கத் தகுதியற்ற பழைய கணினிகளைத் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. அவற்றைச் சேர்த்து வன்னிப் பாடசாலைகளுக்கு அனுப்பும் எண்ணம் நல்லதே. ஆனால், அனுப்புமுன் ஒவ்வொன்றிலும் ரேம் சோதனையை ஓர் இரவு ஓட்டுங்கள். உரிய டிரைவர்களை ஒரு பென்டிரைவில் இட்டு வையுங்கள். கனடா, அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று ஒரு சிவப்பு ஆளி இருக்கும். அதை மாற்றாமல் இங்குள்ள 230 வோல்ட்டில் செருகினால் ஒரே வெடி. சோதிக்காத இருபதைவிட, சோதித்த ஐந்து மேல். எல்லாம் ஒரே மாதிரியாக இருந்தால் ஒன்றின் பாகம் மற்றதற்கு உதவும்.

யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இரண்டிலும் கணினி படிக்கும் மாணவர்கள் தவணைக்கு ஒருநாள் அயற் பாடசாலை ஒன்றின் கணினிகளைப் பார்த்துக் கொடுத்தால், மூலையில் ஒதுக்கப்பட்டவற்றில் கணிசமானவை எழும்பிவிடும். இதற்கு அமைச்சரோ திறப்பு விழாவோ தேவையில்லை.

அதுவரை, கடைக்குக் கொண்டுபோகுமுன் நீலத்திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கோப்புகளைப் பிரதி செய்யாமல் வன்தட்டைத் தொடக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். திருப்பி வாங்கும்போது, "தம்பி, என்ன பிழை இருந்தது?" என்று கேளுங்கள். "வைரஸ் ஐயா" என்பதற்கு மேல் பதில் வராவிட்டால், அடுத்த முறை வேறு கடை பாருங்கள்.