அம்மா சமையல் வீடியோ ஆட்டம் ஆனது!

நல்லம்பள்ளியில் எந்த வீட்டு அடுப்படியிலும் இட்லிப் பானை இருக்கும். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யாரும் புத்தகம் பார்ப்பதில்லை. அம்மா செய்வதைப் பார்த்து மகள் கற்றுக்கொள்வாள்.

அம்மா பக்கத்தில் இல்லை என்றால்?

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் "வெண்பா" என்ற வீடியோ ஆட்டம். கனடாவில், டொரண்டோ நகரில் உள்ள "விசை கேம்ஸ்" என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் அதை வெளியிட்டது.

சினிமாவுக்கு டைரக்டர் இருப்பது போல, வீடியோ ஆட்டத்துக்கும் ஒருவர் உண்டு. ஆடுபவர் யாராக மாறவேண்டும், எதில் தோற்கவேண்டும், எந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் அவர் தீர்மானம். "வெண்பா"வுக்கு அவர் அபி. சிறு வயதில் கனடா சென்ற தமிழர்.

அழிந்த எழுத்து

1980-களில் கனடாவில் குடியேறிய தம்பதி வெண்பா, பாவலன். மகன் கவின். வெண்பாவிடம் அவள் தாயாரின் சமையல் நோட்டு இருக்கிறது. பக்கம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஆடுபவர்தான் ஊகிக்க வேண்டும். தட்டைத் தவறாக அடுக்கினால் இட்லி கெட்டுவிடும். மறுபடி அடுக்கு!

துப்பாக்கி இல்லை. சண்டை இல்லை.

குடியேறியவர் கதைகள் பெரும்பாலும் பிள்ளைகள் வாயிலாகவே சொல்லப்படும். பெற்றோர் ஓரமாக நிற்பார்கள். அபி இதை மாற்றினார். ஆடுபவரையே தாய் ஆக்கினார். ஆசையாகச் சமைத்து வைத்தால், மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வீட்டுச் சாப்பாட்டுக்கு வெட்கப்படுகிறான். ஆடுபவருக்குச் சுருக்கென்று தைக்கிறது. பிறகு வளர்ந்த கவின் அதே நோட்டை எடுக்கிறான். தமிழ் எழுத்து அவனுக்குத் தடுமாறுகிறது!

சமைக்கும்போது ரேடியோ பாடுகிறது. காலம் மாற மாற, அந்தந்தக் காலத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் இசையும் மாறுகிறது. அபி கேட்டு வளர்ந்த உலகம் அது.

ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இது குறைதான். ஆனாலும், 2024-ல் பிரிட்டனின் "பாஃப்டா" விருது, சிறந்த முதல் படைப்பு என்று இதற்குக் கிடைத்தது.

நல்லம்பள்ளி, சேலம்-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. இந்த வட்டாரத்திலிருந்து குடும்பத்தோடு பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டுவதுதான் கஷ்டம். கேழ்வரகுக் களிக்கு எத்தனை கை மாவு, துடுப்பை எப்போது போடுவது என்று பாட்டியைக் கேட்டு எழுதி வைத்த நோட்டு எத்தனை வீட்டில் இருக்கிறது?