முடி நடவும் மரத்துப்போகும் ஊசியும்

அறுவைக்கு முன்னர் நோயாளிகளைப் பரிசோதித்து, அவர்கள் உடல் மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது என் அன்றாடப் பணி. சில மாதங்களுக்கு முன், பித்தப்பைக் கல்லுக்கான அறுவைக்காகத் திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். உடன் வந்த மகனுக்கு வயது 24. சிறுசேரியில் கணினி நிறுவனம் ஒன்றில் இரவுப் பணி. அறைக்குள் வந்த பின்னும் அவர் தொப்பியைக் கழற்றவில்லை. தாயாரை வெளியே அமரச் சொன்ன பிறகும் தயங்கி நின்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "டாக்டர், தலையில் முடி நடுவதற்கு மயக்க மருத்துவரே தேவையில்லை, வெறும் மரத்துப்போகும் ஊசிதான் என்கிறார்கள். அது சரிதானே?"

முன்பணம் கட்டிவிட்டாராம். நடவு முடிந்ததும் நான்கு தவணையாகக் 'குருத்தணு ஊசி'யும் உண்டாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்று நோயாளிகள் வரிசையில் காத்திருந்ததால் அவருக்குச் சுருக்கமாகவே மறுமொழி சொன்னேன். அதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த இதழைப் படிப்போரில் பெரும்பாலோர் நோயாளியுடன் வந்து காத்திருக்கும் குடும்பத்தினர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முடி உதிர்வதைப் பற்றிக் கவலைப்படுவோரை நகைப்பது எனக்கு உடன்பாடன்று. நம் செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கப்பெற்று 1955-இல் மத்திய அரசின் பொறுப்பில் வந்த தொழுநோய் நிறுவனம் இருக்கிறது. தொழுநோயின் ஒரு வகையில் புருவ முடி, வெளி ஓரத்திலிருந்து தொடங்கி உதிர்ந்துவிடும். மருந்து உண்டு கிருமி முற்றிலும் ஒழிந்த பிறகும் புருவம் திரும்புவதில்லை. நோய் நீங்கியவரை ஊரார் அந்த வெறும் புருவத்தைக் கொண்டே அடையாளம் கண்டு ஒதுக்கினார்கள். அதனால்தான் தொழுநோய் அறுவை மருத்துவர்கள் காதுக்கு மேலுள்ள தலைத்தோலை முடியோடு எடுத்துப் புருவத்தில் பொருத்தும் முறையைக் கையாண்டனர். ஜப்பானிய மருத்துவர் ஒகுடா 1939-இல் சிறு சிறு வட்டங்களாகத் தோலை எடுத்து முடி நட்டதும் தீக்காயம் முதலியவற்றால் முடியிழந்தோருக்காகவே. இன்று விளம்பரப் பலகைகளில் காணும் இந்தக் கலை, மானம் இழந்தவருக்கு அதை மீட்டுத் தரத் தோன்றியது. ஆகவே என் வழக்கு முடி நடவின்மீது அன்று. அதை முடிதிருத்தும் வேலையைப்போல் விற்பதன்மீதுதான்.

நடவு என்ற சொல் மிகப் பொருத்தமானது. ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த நம் மாவட்டத்தாருக்கு நாற்றங்காலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பின்னந்தலையிலும் காதுகளை ஒட்டியும் உள்ள மயிர்க்கால்கள் ஆண்மைச் சுரப்பின் தாக்கத்திற்கு எளிதில் ஆட்படாதவை. அவற்றை முன்தலைக்கு மாற்றினாலும் அந்தக் குணத்தை விடுவதில்லை. நியூயார்க்கு மருத்துவர் நார்மன் ஓரன்றைக் 1959-இல் இதனை எழுதினார். இன்றுள்ள முறை முழுவதும் அதன்மேல் நிற்கிறது. ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட தொகுதிகளாக மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்து, முன்னே சிறு கீறல்களில் ஊன்றுகிறார்கள். புதிதாக ஒரு முடியும் இதில் உண்டாவதில்லை. நாற்றங்காலில் உள்ளது அவ்வளவுதான். அதைக் காலி செய்துவிட்டால் பிறகு எடுக்க இடமில்லை. 24 வயதில் வழுக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். முன்வரிசையில் அடர்த்தியாக நட்டுவிட்டு, பத்தாண்டு கழித்து அதன் பின்னால் உள்ளது உதிர்ந்தால், நடுவே வெறும் நிலமும் முன்னே ஒரு வேலியும் எஞ்சும். நேர்மையான மருத்துவர் இளைஞரிடம் 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்வது இதனால்தான். அவசரப்படுத்துகிறவர் யார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இனி அவர் கேட்ட ஊசிக்கு வருகிறேன். இது என் துறை. ஆகவே சற்று நிறுத்திச் சொல்கிறேன்.

மரத்துப்போகும் ஊசி என்பது பெரும்பாலும் லிக்னோகெயின். பல் பிடுங்கும்போது நீங்கள் எல்லோரும் பெற்றதுதான். ஆனால் பல்லுக்குப் போடுவது ஓரிரு மில்லி. தலை முழுவதற்கும், எட்டு மணி நேரத்திற்கும் போடுவது வேறு கணக்கு. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உச்ச அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 420 மில்லிகிராம். இரண்டு விழுக்காட்டு மருந்தில் வெறும் 21 மில்லி. பின்னந்தலைக்கு ஒரு சுற்று, முன்தலைக்கு ஒரு சுற்று, வலி திரும்பியதும் மறுபடி ஒரு சுற்று என்று போகும்போது, எழுதி வைத்துக் கணக்குப் பார்க்கும் ஒருவர் இல்லையென்றால் இந்த எல்லையைத் தாண்டுவது மிக எளிது. தாண்டினால் நாக்கில் உலோகச் சுவை, உதடுகளைச் சுற்றி ஊறல், காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, அதற்கும் பிறகு இதயத் துடிப்பு நிற்றல். முதல் அறிகுறியிலேயே நிறுத்தி, உயிர்வளி கொடுத்து, உரிய கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்த மருந்தும் கருவியும் தெரிந்த கைகளும் அறையில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அடுத்த தெருவில் இருந்தால் போதாது.

அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 2016 மே மாதத்தில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்னையில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்டார். உடல்நிலை சீர்குலைந்து மருத்துவமனைக்கும், பின்னர் வேலூருக்கும் கொண்டு செல்லப்பட்டு அங்கே இறந்தார். அதன்பின் நடந்த ஆய்வில் அந்த மையம் அழகு நிலையத்திற்கான உரிமத்தில் நடந்தது தெரியவந்து மூடி முத்திரையிடப்பட்டது. மருத்துவம் பயின்றவருக்கே எதைக் கேட்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு அந்தத் தொழில் தன்னை எளிதாகக் காட்டிக்கொள்கிறது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 2019 மார்ச்சில் மும்பையில் 43 வயது வணிகர் ஒருவர், ஒரே அமர்வில் 9,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளை நட்டுக்கொண்டு வீடு திரும்பினார். முகமும் தொண்டையும் வீங்கி, மூச்சுத் திணறி, ஓரிரு நாளில் இறந்தார். ஒரு நாளில் இரண்டாயிரம் மூவாயிரம் என்று நிறுத்திக்கொள்வது வழக்கமாக இருக்க, ஒன்பதாயிரத்தைச் சாதனையாகச் சொல்கிற மையங்கள் இன்னும் உண்டு.

இத்தகைய இறப்புகளுக்குப் பிறகு, 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு நெறிமுறை வெளியிட்டது. முடி நடவு ஓர் அறுவைதான். முறையாகப் பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே அதற்குப் பொறுப்பு. பயிலரங்குகளில் அமர்ந்தோ யூடியூபில் பார்த்தோ கற்றது பயிற்சியாகாது என்று அது கூறுகிறது. யூடியூப் என்ற சொல்லை ஓர் ஆணையம் எழுத வேண்டி வந்தது என்றால் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். நுழைந்ததும் சுவரில் அதைத் தேடுங்கள். பிறகு, நடுபவர் யார், அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவெண் என்ன, ஊசியின் அளவைக் கணக்கிடுபவர் யார், விபரீதம் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம்.

குருத்தணுவைப் பற்றி எழுதும்போது எனக்கு மாமல்லபுரத்துப் பூனை நினைவுக்கு வருகிறது. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரும் பாறையில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனையையும், அதை நம்பி அருகே குழுமிய எலிகளையும் பல்லவச் சிற்பி செதுக்கி வைத்தான். குழந்தைகளை அழைத்துச் சென்றால் யானைகளைக் காட்டிவிட்டு நகராமல் அதையும் காட்டுங்கள்.

குருத்தணு ஆராய்ச்சி பொய்யன்று. மயிர்க்காலின் பக்கவாட்டுப் புடைப்பில் குருத்தணுக்கள் இருப்பதை 1990-இல் கண்டறிந்தார்கள். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது: வழுக்கை விழுந்த இடத்திலும் அந்தக் குருத்தணுக்கள் குறையாமல் இருக்கின்றன, அவை அடுத்த கட்ட உயிரணுக்களாக மாறும் படியில்தான் தடை நேர்கிறது. விதைநெல் குதிரில் இருக்கிறது, முளைவிடவில்லை. அப்படியானால் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த எதையோ சுழற்றித் தலையில் குத்துவதால் தடை எப்படி விலகும் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான எலும்பு மச்சை மாற்று போன்ற ஏற்கப்பட்டவை தவிர, குருத்தணுவின் பிற பயன்பாடு எதுவும் ஆய்வாகவே கருதப்படும். உரிய அனுமதியுடன்தான் நடத்த வேண்டும். ஆய்வுக்கு உடலைத் தருபவரிடம் கட்டணமும் வாங்கினால் அது சிகிச்சையுமன்று, ஆய்வுமன்று.

பல இடங்களில் 'குருத்தணு' என்று சொல்லிப் போடுவது குருத்தணுவே அன்று என்பது இன்னொரு வேடிக்கை. உங்கள் இரத்தத்தைச் சிறிதளவு எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் மிகுந்த நீர்மத்தைப் பிரித்து ஊசியாகப் போடுவார்கள். பி.ஆர்.பி. என்பது அதன் பெயர். சிலருக்குச் சிறிது பயன் கிடைப்பதாக ஆய்வுகள் உண்டு. திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அதை அதன் பெயரிலேயே, அந்த அளவிலேயே சொல்லி விற்றால் எனக்கு மறுப்பில்லை. ஆப்பிள் மரத்தின் குருத்தணு கலந்த தைலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நம் தலையில் ஆப்பிள் காய்க்க வேண்டும் என்பது எவருடைய வேண்டுதலும் அன்று.

பணம் செலவழிக்கும் முன் எளியவற்றைப் பாருங்கள். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சலுக்கோ, மகப்பேற்றுக்கோ, பெரிய அறுவைக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைநிறையக் கொட்டுவது உண்டு. பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களில் தானே சரியாகிவிடும். இந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சென்றவர்களுக்கும் இது நேரலாம் என்பதால் குறித்து வைக்கிறேன். பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் காரணமாகலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைப் பழிப்பார்கள். அது முடியை வறளச் செய்து ஒடியவைக்கும், பரம்பரை வழுக்கையை உண்டாக்காது. திருப்போரூரில் மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படியே. நேர்த்தியைச் செலுத்துங்கள், ஆனால் மயிர்க்கால்களின் எண்ணிக்கை மாறாது. பரம்பரை வழுக்கைக்குச் சான்றுள்ள மருந்துகள் உண்டு. இரத்த அழுத்தத்துக்காகப் பிறந்த மினாக்சிடில், 1988-இல் அமெரிக்காவில் தலையில் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. ஆண்களுக்கான ஃபினாஸ்டிரைடு மாத்திரை 1997-இல். இரண்டையும் நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். இரண்டாவதற்குப் பக்க விளைவுகள் உண்டாதலால் தோல் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது.

ஆயினும் என் பெரிய கவலை மருந்திலோ ஊசியிலோ இல்லை. வேறெந்த அறுவைக்கும் நம் மக்கள் தனியே வருவதில்லை. குடல்வால் அறுவைக்கு ஒருவர் வந்தால் வெளியே எட்டுப் பேர் நிற்பார்கள். இடம் போதாமல் நாங்கள் கடிந்துகொள்வதும் உண்டு. முடி நடவுக்கு மட்டும் இளைஞர்கள் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டில் வேறொன்று சொல்லிவிட்டு, ஒற்றையாய்ப் போகிறார்கள். தமக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று சொல்லவோ, மாலையில் முகம் வீங்குவதைப் பார்த்து வண்டி பிடிக்கவோ அருகில் ஒருவரும் இல்லை. ஏன் மறைக்கிறார்கள்? வீட்டில் சிரிப்பார்கள் என்பதால். பெண் பார்க்கும் நாளில் மாப்பிள்ளையின் நெற்றியை அளந்தவர்களும் நாம்தான், அவன் அதற்கு வழி தேடினால் எள்ளுபவர்களும் நாம்தான்.

அந்த இளைஞர் நான் சொன்ன கேள்விகளைக் கேட்டுப் பார்த்தாராம். பதிவெண் வரவில்லை, கட்டணத்தில் தள்ளுபடி வந்தது. முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. தாயாரிடம் அவரே சொல்லிவிட்டார். எங்கள் தோல் நோய்ப் பிரிவில் இப்போது மருந்து தடவி வருகிறார். அண்மையில் தாயாரோடு மறு ஆய்வுக்கு வந்தபோது, பித்தப்பைத் தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்காத அந்த அம்மையார், "ஐயா, மருந்து தடவத் தொடங்கிய முதல் மாதம் இவனுக்கு முன்னைவிட அதிகமாக உதிர்ந்ததே, சரியா?" என்று கேட்டார். தொடக்கத்தில் அப்படி உதிர்வது உண்டு, அஞ்ச வேண்டியதில்லை என்றேன். தலையணை உறையில் விழுந்ததை நாள்தோறும் எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். மகன் வாசலில் நின்று, "அம்மா, போதும், வாருங்கள்" என்று அழைத்துக்கொண்டிருந்தார்.