வலிப்பை மறைத்துக் கல்யாணம் வேண்டாம்!

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு. மாத்திரை சாப்பிட்டு மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. கல்யாணம் நிச்சயமானதும் அவள் அம்மா, "புகுந்த வீட்டில் மாத்திரை முழுங்காதேடி, கேட்டால் என்ன சொல்வே?" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். பத்தாம் நாளே வலிப்பு வந்து, அடுப்படியில் விழுந்து கையைச் சுட்டுக் கொண்டாள்.

தோழிகளே, வியாதியைவிட அதை மறைப்பதுதான் ஆபத்து. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஒழுங்காக வைத்தியம் செய்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் ஊர் ஜிப்மரிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறதே!

"சொன்னால் யார் கட்டிக்குவாங்க?" என்பீர்கள். அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்ததை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் ஏற்றுக்கொண்டதை, பிள்ளையைப் பெற்ற நாம் ஏற்கக் கூடாதா? சர்க்கரைக்கு மாத்திரை போடும் மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறோமா?

பெண்ணைப் பெற்றவர்களே, சம்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் கேட்டால், தேவைப்பட்டால் மாத்திரையை மாற்றித் தருவார். தெரிந்து கட்டுகிறவன்தான் கடைசிவரை துணை நிற்பான்.

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.