வாயிலில் நிற்கும் மேய்ப்பன்

இங்கிலாந்தின் தனியார் கல்வியுலகில் ‘பிறீ-பிறெப்’ எனப்படும் பாடசாலைகள் நான்கு முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்குரியவை. அங்கிருந்து ‘பிறெப்’ பாடசாலைக்கும், பின்னர் பதின்மூன்று வயதளவில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என முரண்பெயர் தாங்கிய கட்டணப் பாடசாலைக்கும் ஏறிச்செல்வது மரபான பாதையாகும். இவற்றுட் பல, விசேடமாக இலண்டனில் உள்ளவை, மூன்று நான்கு வயதிலேயே பிள்ளைகளைச் சோதித்துத் தெரிவு செய்கின்றன. அதே பாடசாலைகள் தமது தலையாய சிறப்பாக எடுத்துரைப்பதோ ‘பாஸ்டரல் கெயர்’ என்பதையாகும்.

மேய்ப்பனின் பராமரிப்பு என்பதே அத்தொடரின் மூலப்பொருள். விவிலிய உவமையில் வரும் மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுத் தவறிய ஒன்றைத் தேடிச் செல்கின்றான். இங்கே மேய்ப்பன் பட்டிவாயிலில் நின்று, நொண்டும் ஆட்டைத் திருப்பியனுப்பிவிட்டு, உள்ளே வந்தவற்றின் நலம்பற்றிப் பெருமை பேசுகின்றான்.

நான்கு வயதுப் பிள்ளையிடம் எதனைச் சோதிக்க முடியும்? தாயைப் பிரிந்து அந்நியரிடம் சிறிது நேரம் இருக்குமா, பென்சிலை எவ்வாறு பிடிக்கின்றது, கதையொன்றைக் கேட்டு மறுமொழி கூறுமா என்பனவே. இவை பெரும்பாலும் வீட்டிலே புழங்கும் சொல்வளத்தின் அளவுகள். பிறந்த மாதமும் இதிற் கலந்துகொள்கின்றது. அங்கு வகுப்புப் பிரிப்பு செப்ரெம்பர் 1ஆந் திகதியிலிருந்து கணிக்கப்படுவதால், ஓகஸ்ட் இறுதியிற் பிறந்த பிள்ளை, முந்திய செப்ரெம்பரிற் பிறந்த பிள்ளையிலும் ஏறத்தாழ ஓராண்டு இளையது; நான்கு வயதில் அது வாழ்நாளின் நாலிலொரு பங்கு. சில பாடசாலைகள் வயதைக் கருத்திற்கொண்டே புள்ளியிடுகின்றன என்பது உண்மை. மாதத்தைக் கணக்கிட்டுக் கழிக்கலாம். வீட்டைக் கழிப்பது எங்ஙனம்?

உள்ளே நடைபெறும் பணியைக் குறைகூறுதல் நியாயமாகாது. சிறிய வகுப்பு, பிள்ளையின் பெயரோடு அதன் அச்சங்களையும் அறிந்த ஆசிரியர் ஆகியன மெய்யான நன்மைகளே. ஆயின் அவை கட்டணத்தினால் வாங்கப்பட்டவையேயன்றித் தெரிவினால் விளைந்தவையல்ல. மாறாக, தெரிவு அப்பராமரிப்பை அரிக்கின்றது. ஏழு வயதில் அடுத்த வாயிற்சோதனை காத்திருப்பதால், ஆறு வயதுப் பிள்ளையின் நடுக்கத்தைத் தணிக்கும் ஆசிரியரே அதற்கான பயிற்சித்தாளையும் நீட்டவேண்டியவராகின்றார்.

சீர்திருத்தம் பேசியோரும் இவ்வாயிலைக் காணவில்லை. பிளெமிங் குழு 1944இல் பப்ளிக் ஸ்கூல் இடங்களில் நாலிலொரு பங்கை அரசாங்க உதவிபெறும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்க விதந்துரைத்தது. 1968இல் நியூசம் ஆணைக்குழு அதற்கும் மேலே சென்றது. ஆயினும் இரண்டும் வளர்ந்த பிள்ளைகளின் வாயிலையே நோக்கின. 2025 சனவரி 1 முதல் கட்டணங்கள்மீது 20 சதவீதப் பெறுமதிசேர் வரி விதிக்கப்பட்டபோதும் வாதம் பெரிதும் பணத்தைச் சுற்றியே சுழன்றது.

பராமரிப்பே தமது உயிர்நாடி என இப்பாடசாலைகள் மெய்யாகவே நம்புமாயின், விண்ணப்பித்த பிள்ளைகளிடையே சீட்டுக் குலுக்கி இடங்களை வழங்கட்டும். கட்டணம் என்னும் மதில் அப்போதும் நிற்கும். அது வேறொரு போர். எனினும் பேச்சுத் திக்கும் பிள்ளையும், தாயின் கையை விட மறுக்கும் பிள்ளையும் உள்ளே வரும். அந்நிலையில் எத்தனை பெற்றோர் அதே கட்டணத்தைச் செலுத்த முன்வருவர் என்பதை நிருவாகிகள் நன்கறிவர். தம் பிள்ளைக்கு ஆசிரியரை மட்டுமன்றி, அருகில் அமரும் தோழரையும் சேர்த்தே அப்பெற்றோர் விலைக்கு வாங்குகின்றனர். சோதனை நீடிப்பதும் அதனாலேயே.