தீராத நோய் என்றால் மருந்து வேண்டாமா?

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத்தான் மருந்தே இல்லையே, எதற்கு இத்தனை ஊசியும் ஸ்கேனும்?" காரைக்காலில் உறவினர்கள் இப்படிக் கேட்பது அன்பினால்தான். அந்த அன்பே ஒருவரை முடக்கிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை, உண்மை. ஆனால் நரம்பின் மேலுறையை நம் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய் இது. அந்த அரிப்பைக் குறைக்க 1993-இல் பீட்டா இன்டர்ஃபெரான் வந்தது. தொடக்கம் முதலே மெல்ல முற்றும் வகைக்கு 2017-இல் ஓக்ரலிசுமாப் வந்தது. அந்த விலை தாங்காதவர்களுக்கு நம் மருத்துவர்கள் ரிட்டுக்சிமாப் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோயும் அடியோடு தீர்வதில்லை, இன்சுலினை நிறுத்துகிறோமா?

"திருநள்ளாற்றில் முழுகினேன், கால் தேறிவிட்டது" என்பவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு இந்நோய் விட்டுவிட்டுத் தாக்கும். கண் மங்கும், கால் மரக்கும். சில வாரங்களில் தானாகவே தணியும். தணிகிற வாரத்தில் எந்த எண்ணெய், எந்தப் பரிகாரம் நடந்ததோ, பேர் அதற்குப் போய்விடும். உடல் சூடேறினால் அறிகுறி கூடும், குளிர்ந்தால் குறையும் என்பதும் உண்டு; 1890-லேயே ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் கண்ட விஷயம். சித்திரை வெயிலில் நடந்துவந்து நளதீர்த்தத்தில் இறங்கினால் கால் லேசாகத்தான் செய்யும். சனீஸ்வரனைக் கும்பிடுங்கள், மருந்தை விடாதீர்கள். தணிந்திருக்கும் நாட்களிலும் மூளையில் புதுத் தழும்பு விழலாம், அதை எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

படித்தவர்களும் ஏமாந்தார்கள். கழுத்துச் சிரைகள் சுருங்குவதே காரணம் என்று 2009-இல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சம்போனி சொன்னார். அவர் மனைவிக்கே இந்நோய். சிரையை விரித்துக்கொள்ள வெளிநாட்டார் இந்தியாவுக்கும் வந்தார்கள். 2017-இல் அவர் குழுவே முறையாகச் சோதித்து, பலனில்லை என்று வெளியிட்டது. அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்கிறவர்களிடம் அப்படியொரு சோதனையைக் கேளுங்கள்.

வெள்ளைக்காரர் நோய் என்பதும் தவறு. இங்கே குறைவு, அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இதுவும் ஒன்று.

தேடல் நின்றுவிடவும் இல்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வந்தது: எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய்க்கான ஆபத்து 32 மடங்கு. உலகில் பெரும்பாலோர் உடலில் இருக்கும் வைரஸ் அது, ஆகவே அது மட்டுமே காரணமல்ல. ஆனாலும் தடுப்பூசி என்ற வழி தெரிகிறது.

ஒரு கண் வலியோடு மங்கினாலோ, மரப்பு ஒரு நாளைத் தாண்டினாலோ, தணியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் 130 கிலோமீட்டர்தான்.