காதுக்கு வைக்கும் பரீட்சை

டெல்ஃப் பி2 பிரெஞ்சுத் தேர்வில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 வாங்கினால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. இவற்றில் கேட்டல் பகுதி சுமார் அரை மணி நேரம் நடக்கும். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட விழி பிதுங்குவது இங்கேதான்.

பிரான்சில் பட்டப்படிப்பில் சேரப் பொதுவாகக் கேட்கப்படும் நிலை பி2. 2026 ஜனவரி முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கோருவோரும் பி1-க்குப் பதில் பி2 காட்ட வேண்டும். கடையிலும் வீட்டிலும் தமிழிலேயே காலம் தள்ளிய பாரிஸ் லா ஷப்பெல் வட்டாரத்துத் தமிழர்களுக்கு இது புதிய தலைவலி.

கேட்டல் பகுதியின் இப்போதைய வடிவத்தில் மூன்று பயிற்சிகள் உள்ளன. முதல் இரண்டில் நேர்காணல், வானொலி விவாதம், சொற்பொழிவு போன்ற நீளமான ஒலிப்பதிவுகள் இரண்டு முறை ஒலிக்கும். மூன்றாவதில் மூன்று சிறு துண்டுகள், ஒரே ஒரு முறை. எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். விடையை வாக்கியமாக எழுதச் சொன்ன பழைய மாதிரித் தாள்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்துப் படிப்பது வீண் வேலை.

பி1 வரை என்ன நடந்தது, எங்கே, எப்போது என்று பிடித்தால் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். பி2-வில் பேசுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே பெரும்பாலும் கேள்வி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றி ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'செர்த்' (உண்மைதான்) என்று தொடங்கி, பயண நேரம் மிச்சம், செலவும் குறைவு என்று அடுக்குகிறார். பிறகு ஒரு 'மே' (ஆனால்): புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் அருகிலிருந்து தொழில் கற்றுத்தர ஆளில்லாமல் தவிக்கிறார்கள் என்கிறார். 'செர்த்' என்பது எதிர்த்தரப்புக்குச் சும்மா ஒரு தலையாட்டல். அவருடைய கருத்து 'மே'க்குப் பின்னால்தான் இருக்கிறது. விடைத்தாளிலோ 'பயண நேரம் மிச்சம்' என்பது காதில் விழுந்த அதே சொற்களோடு கண்ணைச் சிமிட்டும். சரியான விடை வேறு சொற்களில், அடையாளம் தெரியாமல் நிற்கும். கேட்ட சொல் அப்படியே தாளில் இருந்தால் சந்தேகப்படுவது நல்லது. 'புர்த்தான்' (இருந்தாலும்), 'ஆன் ரெவான்ஷ்' (மாறாக) வரும் இடங்களிலும் பேச்சு இப்படித்தான் திசை மாறும்.

ஒலியிலும் சிக்கல் உண்டு. பாடநூலின் 'ழெ நெ ஸே பா' (எனக்குத் தெரியாது) பேச்சில் 'ஷே பா' ஆகிவிடும். 'இல் இ ஆ' (இருக்கிறது) வெறும் 'யா'. எதிர்மறை காட்டும் 'நெ' காணாமல் போவதால், 'ப்ளூஸ்' என்றால் இன்னும் வேண்டும், 'ப்ளூ' என்றால் இனி வேண்டாம் என்று கடைசி ஒலியை வைத்தே தீர்மானிக்க வேண்டிய இடங்களும் வரும்.

இதற்குப் பழக்கம் ஒன்றே வழி. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம் ஓடும். எழுத்து வடிவமும் கிடைக்கும். தொடக்கத்துக்கு அது போதும். தேர்வில் அந்த நிதானம் இருக்காது என்பதால், விரைவிலேயே பிரான்ஸ் அன்தேர், பிரான்ஸ் குல்த்யூர் வானொலிகளின் விவாதங்களுக்கு மாறிவிட வேண்டும். மூன்று நிமிடத் துண்டு ஒன்றை வேகத்தைக் குறைக்காமல் கேட்டு, யார் எதை ஆதரிக்கிறார், ஏன் என்று ஒரே வரியில் எழுதிப் பார்க்கலாம். பிறகு மீண்டும் கேட்டு அந்த வரியைத் திருத்த வேண்டும். எழுத்து வடிவம் இருந்தாலும் அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். பின்னணியில் வானொலியை ஓடவிட்டுச் சமைப்பது பயிற்சிக் கணக்கில் சேராது.

தேர்வறையில், ஒலிப்பதிவு தொடங்குமுன் கேள்விகளைப் படிக்கத் தரும் நேரம் பொன்னானது. இருமுறை ஒலிப்பவற்றில் முதல் தடவை பேச்சின் போக்கையும், இரண்டாம் தடவை விட்டுப்போன விடைகளையும் பிடிக்கலாம். மூன்றாம் பயிற்சியில் அந்தச் சலுகை இல்லை. தவறிய ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த துண்டும் கை நழுவும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், தெரியாத இடத்தில் ஊகித்தாவது ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.