பதவி பறித்தது கோர்ட்டு. வாய்க்கால் கணக்கைக் கேட்க வேண்டியது நாம்!



2018 அக்டோபர் 30-ம் தேதி புதுச்சேரியில் ஒரு தீர்ப்பு வந்தது. தட்டாஞ்சாவடி தொகுதி என்.ஆர். காங்கிரஸ் எம்.எல்.ஏ. அசோக் ஆனந்துக்கும் அவருடைய தந்தை ஆனந்தனுக்கும், வருமானத்துக்கு மீறி சொத்து சேர்த்த வழக்கில் ஓராண்டு சிறைத் தண்டனை. வழக்கை நடத்தியது சி.பி.ஐ. அடுத்த மாதமே எம்.எல்.ஏ. பதவி போனது. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்து அந்தத் தொகுதி தி.மு.க. வசம் போனது.

"ரெண்டு வருஷம் தண்டனை வந்தாத்தானே பதவி போகும்? ஒரு வருஷத்துக்கே எப்படிப் போச்சு?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மற்ற பல குற்றங்களுக்குத்தான் அந்த இரண்டு வருஷக் கணக்கு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை என்றால், வெறும் அபராதமே போதும், பதவி போய்விடும். சிறை என்றால், வெளியே வந்த பிறகும் ஆறு வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. முன்பெல்லாம் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டால் பதவியில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். அந்தச் சலுகையை 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. வரவேற்கிறோம்.

ஆனால் கைதட்டிவிட்டு வயலுக்குப் போய்விட முடியுமா?

தண்டனை பெற்ற தந்தை யார்? பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். தட்டாஞ்சாவடி டவுன் பக்கம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம்ம பாகூர் ஏரியின் கரையும் மதகும், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் அதே துறையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. எஸ்டிமேட் போடுவது, அளவு எடுப்பது, பில் பாஸ் பண்ணுவது எல்லாம் அங்கேதான். அந்தச் சொத்துக்கும் நம்ம ஏரிக்கும் சம்பந்தம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாய்க்காலை ரெண்டு அடி வாரிவிட்டு நாலு அடி என்று எழுதினால் நஷ்டம் யாருக்கு? கடைமடைக்காரனுக்கு! வேலியே பயிரை மேய்ந்தால் எந்தக் கோர்ட்டு தீர்ப்பு வந்து நம்ம சம்பாவைக் காப்பாற்றும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். நம்ம பாகூர் தொகுதியும் எம்.எல்.ஏ.வை இழந்தது. 2020 ஜூலையில் தனவேலுவின் பதவி போனது. அது கோர்ட்டு தண்டனையால் அல்ல. தன் சொந்தக் கட்சி ஆட்சியையே எதிர்த்துப் பேசினார். கட்சித் தாவல் சட்டப்படி சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அவர் செய்தது சரியா தப்பா என்று இங்கே பேசவில்லை. கட்சிக்கு எதிராகப் பேசினால் சில மாதத்தில் பதவி போகிறது. ஊழல் வழக்கோ சாட்சி, விசாரணை, வாய்தா என்று வருஷக்கணக்கில் இழுக்கிறது. இதுதான் நாட்டு நடப்பு.

அதன்பின் 2021 தேர்தல் வரை பாகூருக்கு எம்.எல்.ஏ. இல்லை. சரி, பஞ்சாயத்துத் தலைவரிடம் போகலாம் என்றால் அவரும் இல்லை! 2006-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் பதவிக்காலம் 2011-லேயே முடிந்துவிட்டது. கொம்யூனில் இருந்தது அதிகாரிகள் மட்டும்தான். மதகு உடைந்தால் யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

ஆகவே தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம் சங்கத்தின் கோரிக்கைகள் இவை:

1. ஏரி, வாய்க்கால் வேலை நடக்கும் இடத்திலேயே மதிப்பீடு, நீளம், ஆழம், காண்ட்ராக்டர் பெயர் எழுதிய போர்டு வைக்க வேண்டும்.

2. ஆயக்கட்டு விவசாயிகள் முன்னிலையில் அளவு எடுத்த பிறகே பில் தர வேண்டும்.

3. உள்ளாட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்த வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி எஸ்டிமேட் நகல் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். ஓட்டு கேட்டு வருபவரின் பிரமாணப் பத்திரத்தில் சொத்தும் வழக்கும் எழுதியிருக்கும். அதை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும் சரி, நம்ம சாதிக்காரர் ஆனாலும் சரி, படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவனுக்கு அப்புறம் கணக்குக் கேட்கும் வாய் வருமா?

கோர்ட்டு ஒரு ஆளைத்தான் இறக்கும். வாய்க்காலில் தண்ணீர் வர வைப்பது நம் ஒற்றுமைதான்.

ஏரிக்கரையில் கூடுவோம்! கணக்கைக் கேட்போம்! கடைமடை வரை தண்ணீர் கொண்டு சேர்ப்போம்!